துரும்பைக் கவிழ்த்து வைத்தவர்கள்

சில வாரங்களுக்கு முன்னர், ரொறன்ரோவில் வசிக்கும் பழைய நண்பரொருவரின் மகன் தொலைபேசியில் அழைத்தான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவன். நலம் விசாரித்து முடிந்ததும் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டான்.

"மாமா, எதிரில இருக்கிறவன்ர முகத்தைப் பார்த்து அவன் பொய் சொல்லுறானோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? நீங்கள் பேப்பரில கனகாலம் வேலை செய்தனீங்கள்தானே. எத்தினை அரசியல்வாதியளைக் கண்டிருப்பீங்கள்."

எதற்கென்று கேட்டேன். நண்பர்களோடு போக்கர் ஆடுகிறானாம். மூன்று மாதங்களாகத் தொடர்ந்து தோல்வியாம். "உங்கட காலத்தில சாவகச்சேரியில போக்கர் இருந்ததோ?" என்றான்.

"போக்கர் இல்லைத் தம்பி. முந்நூற்றி நாலு இருந்தது" என்றேன். தன்னுடைய தகப்பனார் அந்த ஆட்டத்தில் சூரர் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவனுக்கு அன்று சொன்னவற்றையும், சொல்லாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஆட்டத்தை விளக்கத் தேவையில்லை. ஏனைய வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்திரண்டு தாள்களில் 2 முதல் 6 வரையானவற்றை நீக்கினால் எஞ்சுபவை 32. நால்வர் ஆடுவர். எதிரெதிரே அமர்ந்திருக்கும் இருவரும் ஒரு சோடி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனங்களுக்கும் 304. ஆட்டத்தின் பெயரே அதன் கூட்டுத்தொகைதான். ராசாவைக் காட்டிலும் அவனது சேவகனுக்குப் பத்து மடங்கு பெறுமதி என்பதைச் சிறுவயதில் எங்களில் எவரும் விசித்திரமாகக் கருதியதில்லை.

முதலில் ஆளுக்கு நாலு தாள்கள் மட்டுமே வழங்கப்படும். அவற்றைப் பார்த்தே கேள்வி கேட்க வேண்டும். ஆகக் குறைந்த கேள்வி 160. ஆகக் கூடுதலாகக் கேட்டவர் தமது கையிலிருந்து ஒரு தாளைக் கவிழ்த்து வைப்பார். அதன் இனமே துரும்பு. அதன் பின்னரே மீதி நாலு தாள்கள் வரும். கவிழ்த்து வைத்த தாள் எதுவென்று அவரைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது. எதிரே இருக்கும் அவருடைய சோடிக்குங்கூடத் தெரியாது. இறக்கப்பட்ட இனம் கையில் இல்லாதவர் தமது தாளையும் கவிழ்த்தே போடுவார். அது வெட்டாகவும் இருக்கலாம், வெறுங்கழிவாகவும் இருக்கலாம். அதைப் பிரட்டிப் பார்க்கும் உரிமை துரும்பு வைத்தவருக்கு மட்டுமே உண்டு. துரும்பு விழுந்திருந்தால் அதை எல்லோருக்கும் காட்டுவார். இல்லையேல் அந்தத் தாள் கவிழ்ந்தபடியே பிடியோடு போய்விடும். துரும்பைத் திறந்து ஆடும் முறையும் உண்டு. ஆயினும் எங்களூரில் மதிப்புப் பெற்றது மூடி ஆடும் ஆட்டமே.

இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது? ஜாக்கையும் ஒன்பதையும் உச்சத்தில் வைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் சுவிற்சர்லாந்தின் 'யாஸ்', ஒல்லாந்தரின் 'கிளாவர்யாஸ்' ஆகிய ஆட்டங்களில் காணப்படுவது. அவற்றில் துரும்பு இனத்து ஜாக்குக்கு 20, ஒன்பதுக்கு 14. ஆசுக்கு 11 என்பதும் பத்துக்கு 10 என்பதும் நமது கணக்கேதான். சீட்டாட்ட ஆய்வாளர்கள் 304ஐ இந்தக் குடும்பத்தோடு சேர்த்தே வகைப்படுத்துவர். யாழ்ப்பாணம் 1658 முதல் 1795 வரை ஒல்லாந்தர் வசமிருந்தது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். சிங்களத்தில் இன்றும் தாள் இனங்களை இஸ்கோப்ப, ஹாரத, ருயித, கலாபர என்று ஒல்லாந்துச் சொற்களாலேயே அழைக்கிறார்கள். தமிழில் வழங்கும் 'கிளாவர்' என்பதும் ஒல்லாந்தில் அதே ஒலியுடன் வழங்கும் சொல்லே.

குடும்பத்தின் கிளைகள் பல. கேரளத்தில் ஜாக்குக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று எனக் கணக்கிட்டு 'இருபத்தெட்டு' ஆடுகிறார்கள். வங்காளத்தில் அது 'இருபத்தொன்பது'. 1860 முதல் நேற்றால் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ், தெலுங்குத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் டர்பன் நகரில் 'துனீ' என்றோர் ஆட்டம் ஆடுகிறார்கள். ஏழையும் எட்டையும் நீக்கிவிட்டு 24 தாள்களோடு ஆடப்படுவது. ஆனால் மதிப்புகள் அதே 30, 20, 11, 10, 3, 2. மொத்தம் அதே 304. தமிழின் 'தண்ணி'தான் துனீ ஆனது என்று அங்கே சொல்வார்கள். சாவகச்சேரிக்காரரையும் டர்பன்காரரையும் ஒரு மேசையில் அமர்த்தினால், மொழி தெரியாமலேயே இருவரும் ஆடத் தொடங்கிவிடுவர்.

'துரும்பு' என்ற சொல்லும் இத்தகையதே. தமிழகத்தார் துருப்புச்சீட்டு என்பதை நாம் துரும்புச்சீட்டு என்கிறோம். போர்த்துக்கேயரின் 'துரூன்ஃபோ', ஒல்லாந்தரின் 'துரூஃப்' ஆகியவற்றின் உறவு அது. நமது நாவில் அது வைக்கோல் துரும்போடு கலந்துவிட்டது. அற்பமான ஒன்று எல்லாவற்றையும் வெல்லும் என்ற பொருள் தற்செயலாக வந்து பொருந்திற்று.

சாவகச்சேரிக்குப் புகையிரதம் வந்தது 1902இல். கொழும்பிலும் அனுராதபுரத்திலும் எழுதுவினைஞர்களாகவும் ஆசிரியர்களாகவும் பணியாற்றிய தென்மராட்சிக்காரர் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, பெட்டியொன்றை நால்வரின் முழங்கால்கள்மீது கிடத்தி அதையே மேசையாக்கித் தாள் போடுவர். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் இது பகற்பொழுதின் காட்சியாயிற்று. கொடிகாமம், மீசாலை, சங்கத்தானை என்று நிலையங்கள் வரத் தொடங்கியதும் கடைசி ஆட்டத்தை முடிக்க அவசரப்படுவார்கள். என்னுடைய தகப்பனார் ஒருமுறை சாவகச்சேரியில் இறங்க மறந்து நாவற்குழிவரை போய், அங்கிருந்து பஸ்ஸில் திரும்பினார். அன்றைய கேள்வியை வென்றுவிட்டதாக அம்மாவுக்கு அவர் சொன்ன சமாதானம் எங்கள் வீட்டில் நெடுங்காலம் பேசப்பட்டது.

எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுத்தந்தவர் எங்கள் ஒழுங்கையில் வசித்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். பணம் வைத்து ஆட அனுமதிக்கமாட்டார். புளியங்கொட்டைதான் கணக்கு. ஆட்டத்தில் நிகழும் ஏமாற்றை அவர் மூன்றாகப் பிரித்தார். வெருட்டுதல், பேய்க்காட்டுதல், அளாப்புதல். மூன்றும் எங்களூர்ச் சொற்கள்.

கையில் ஒன்றுமில்லாமல் உரத்த குரலில் 180 கேட்பது வெருட்டுதல். எதிராளி அஞ்சி ஒதுங்கலாம். அல்லது ரோசத்தில் 190 கேட்டு மாட்டிக்கொள்ளலாம். அவர் பேசாமல் விட்டுவிட்டால் மாட்டிக்கொள்வது நாம்தான். கேட்டவர் வென்றால் பெறுவதைவிடத் தோற்றால் இழப்பது கூடுதல் என்பதால், வெருட்டுக்கு விலை உண்டு. பேய்க்காட்டுதல் இதற்கு நேர்மாறானது. இரண்டு ஜாக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு, சலிப்போடு "நான் இல்லை" என்று சொல்வது. எதிராளி 160 கேட்டுத் துரும்பு வைப்பார். 145 எடுத்துவிட்டால் அவரது கேள்வி கவிழ்ந்துவிடும். மூன்றாவதான அளாப்புதல், சோடிக்குக் காதைத் தொட்டுக் காட்டுவது, இருமுவது, பிடியில் போன தாளைத் திரும்ப எடுப்பது. முதலிரண்டும் ஆட்டம், மூன்றாவது களவு. அளாப்பியவரை அவர் ஒரு வாரம் திண்ணையில் ஏறவிடமாட்டார்.

பிற்காலத்தில் பல்கலைக்கழக நூலகத்தில், கணிதமேதை ஜோன் ஃபொன் நொய்மானும் பொருளியலாளர் ஒஸ்கார் மோர்கன்ஸ்ரேர்னும் 1944இல் வெளியிட்ட விளையாட்டுக் கோட்பாட்டு நூலைப் பற்றி வாசித்தபோது வியப்படைந்தேன். போக்கருக்கென்றே அந்நூலில் தனிப்பகுதி உண்டு. பொய்க்கேள்விக்கு இரண்டு நோக்கங்கள் இருப்பதாக அவர்கள் கூறுகின்றனர். பலவீனமாக இருக்கையில் பலமுள்ளவராகத் தோன்றுவது ஒன்று. பலமாக இருக்கையில் பலவீனராகத் தோன்றுவது மற்றையது. வெருட்டுதலும் பேய்க்காட்டுதலும்! ஒருபோதும் வெருட்டாதவனின் உண்மையான கேள்விக்கு எதிராளிகள் எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள். எனவே நல்ல கைக்கு உரிய கூலி கிடைக்க வேண்டுமானால், இடையிடையே வெறுங்கையிலும் கேட்டே ஆகவேண்டும். இது குணம் சார்ந்ததன்று, கணக்குச் சார்ந்தது என்பதே அவர்கள் நிறுவியது.

2017இல் பிற்ஸ்பேர்க் நகரில் 'லிப்ராட்டஸ்' என்ற கணினி நிரல், தொழில்முறைப் போக்கர் ஆட்டக்காரர் நால்வரை 1,20,000 ஆட்டங்களில் எதிர்கொண்டு வென்றது. 2019இல் 'புளூரிபஸ்' என்ற நிரல் அறுவர் ஆடும் மேசையிலும் வென்றது. அவற்றுக்கு முகமும் இல்லை. முகத்தைப் பார்க்கும் கண்ணும் இல்லை. எப்போது, எத்தனை தடவைக்கு ஒரு தடவை வெருட்ட வேண்டும் என்ற கணக்கே அவற்றின் பலம்.

தபாலதிபரும் முகத்தை நம்பியவரல்லர். "முகத்தைப் பார்க்காதை, நேரத்தைப் பார்" என்பார். எவ்வளவு நேரம் யோசித்துவிட்டு விலகினார்? யோசித்து விலகியவரிடம் ஏதோ இருக்கிறது. கவிழ்ந்த தாளைப் பிரட்டிப் பார்த்தபின் அவருடைய கை அடுத்த தாளுக்கு வேகமாகப் போயிற்றா, தயங்கிற்றா? எந்த இனத்தை இறக்காமல் தவிர்க்கிறார்? ஒவ்வொரு இனத்திலும் போன ஜாக்கையும் ஒன்பதையும் எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு, எதிராளியின் முகம் கடைசிச் சாட்சி மட்டுமே. பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபின் இந்தப் பாடம் எனக்குப் பேருதவியாக இருந்தது. அமைச்சர்களின் முகத்தில் நான் எதையும் கண்டதில்லை. எந்தக் கேள்விக்கு உடனே பதில் வந்தது, எதற்குத் தாமதித்தது என்பதைக் குறித்துக்கொள்வேன்.

ஆனால் போக்கருக்கும் 304க்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஓர்லியன்ஸ் பகுதியில் உருவாகி, மிசிசிப்பி ஆற்றுக் கப்பல்களில் பரவிய போக்கரில் ஒவ்வொருவனும் தனியன். எல்லோரையும் ஏமாற்றலாம். 304இல் எதிரே ஒரு சோடி இருக்கிறான். நமது கேள்வியை எதிராளிகள் இருவரும் கேட்கிறார்கள், அவனும் கேட்கிறான். நாம் வெருட்டினால் அவனும் நம்பிவிடுவான். நம்பித் தனது நல்ல தாளை வீணாக்கிவிடுவான். ஒரே சொல்லால் இருவரை ஏமாற்றி, ஒருவனுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். சைகை காட்டினால் அளாப்பல். ஆகவே ஆண்டுக்கணக்காக ஒன்றாக ஆடிய பழக்கம் ஒன்றே வழி.

எனக்கு அப்படி ஒரு சோடி இருந்தான். பள்ளிக்கூட நாள் முதலே ஒன்றாக ஆடினோம். எங்களுக்கு எதிராக ஆடிய இருவரில் ஒருவர்தான், தொலைபேசியில் அழைத்த பையனின் தகப்பனார்.

1987 அக்டோபர் 27ஆம் திகதி சாவகச்சேரிச் சந்தைமீது இந்தியப் படையின் உலங்குவானூர்திகள் தாக்குதல் நடத்தின. அறுபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் உயிரிழந்தனர். அதன்பின் பல மாதங்கள் தாளைத் தொட எவருக்கும் மனம் வரவில்லை. 1990 ஜூனில் புகையிரதம் நின்றது, மின்சாரமும் நின்றது. மண்ணெண்ணெய் பொன்னுக்கு நிகரானது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சில துளி எண்ணெய் விட்டு எரிக்கும் விளக்கைச் சுற்றியிருந்து ஆடினோம். அந்த வெளிச்சத்தில் தாளின் நிறமே சரியாகத் தெரியாது. முகம் எங்கே தெரியும்? மூச்சையும் தாள் விழும் ஓசையையும் கேட்டுத்தான் ஆடினோம். நாங்கள் நன்றாக ஆடியது அந்த ஆண்டுகளில்தான்.

முகத்தை வாசிக்கும் கலை, அக்காலத்தில் எங்களுக்கு எதிராகவும் பயன்பட்டது. சுற்றிவளைப்புகளில் ஊராரை வரிசையில் நிறுத்துவார்கள். முகத்தை மூடிய ஒருவர் வாகனத்துக்குள் இருப்பார். தலையாட்டி என்று அவரை அழைப்போம். ஒவ்வொருவராக அவர்முன் நடந்துபோக வேண்டும். தலை அசைந்தால் அந்த ஆள் வரிசையிலிருந்து பிரிக்கப்படுவார். எங்கள் முகங்கள் எல்லாம் திறந்திருந்தன. அவர் ஒருவரே கவிழ்ந்த தாள். குற்றமற்றவனும் முகத்தில் அச்சத்தைக் காட்டினால் ஆபத்து. அச்சமின்மையைக் காட்டினாலும் ஆபத்து. அந்த வரிசையில் நின்றவர்களுக்கு, ஆட்டத்தில் பேய்க்காட்டுவது எத்தகைய பாவமற்ற பொழுதுபோக்கு என்பது விளங்கும்.

1995 அக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் ஒரே இரவில் பெயர்ந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குள் வந்தனர். கோவில், பள்ளிக்கூடம், மாமரத்தடி எங்கும் மக்கள். எங்கள் வீட்டு வளவுக்குள்ளும் ஆறு குடும்பங்கள் இருந்தன. செய்வதற்கு ஒன்றுமில்லாத அந்த ஐந்தாறு மாதங்களில் 304 ஒவ்வொரு மரத்தடியிலும் நடந்தது. ஊருக்கு ஊர் வழக்கங்கள் வேறுபட்டன. அவற்றை ஒப்பிட்டு வாதிட்டோம்.

1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சிக்குள் நகர்ந்தது. எல்லோர்முன்னும் ஒரே கேள்வி. யாழ்ப்பாணப் பக்கம் திரும்புவதா, கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குப் போவதா? பெரும்பாலானோர் திரும்பினர். பலர் கடந்தனர். எங்கள் நால்வருக்குள்ளும் அதே பேச்சாக இருந்தது. என்னுடைய சோடி, தாயைத் தனியே விட்டுவிட்டு எங்கும் போகமாட்டேன் என்றான். உடனே சொன்னான். தாமதிக்கவில்லை. நான் நம்பினேன்.

அன்று மாலை கடைசியாக ஆடியபோது நாங்கள் தோற்றோம். தோற்றால் அரைமணி நேரம் என்னோடு சண்டை பிடிப்பது அவன் வழக்கம். ஏன் அந்தப் பத்தை அங்கே போட்டாய், ஏன் அந்த ஒன்பதை வைத்திருந்தாய் என்று. அன்று ஒன்றும் சொல்லவில்லை. தாள்களை ஒழுங்காக அடுக்கி, கட்டை என் கையில் தந்துவிட்டுப் போனான். அந்தக் கட்டு எப்போதும் அவன் வீட்டிலேயே இருப்பது. மறுநாள் காலையில் அவனுடைய தாயார் எங்கள் படலைக்கு வந்து, அவன் இரவே கிளாலிக்குப் போய்விட்டதாகச் சொன்னார். 2009க்குப் பின்னும் அவனைப் பற்றிய செய்தி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. தாயார் இருந்தவரை, நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியுமா என்று என் முகத்தைத்தான் பார்ப்பார்.

எதிராளிகள் இருவரும் எத்தனை விநாடி யோசிக்கிறார்கள் என்று பத்து ஆண்டுகள் கணக்கு வைத்தவன் நான். சண்டை பிடிக்காத சோடியைக் கணக்கில் எடுக்கவில்லை. அவன் துரும்பைக் கவிழ்த்து வைத்திருந்தான். அந்த மேசையில் அதை வாசித்திருக்கக்கூடியவன் நான் ஒருவன் மட்டுமே. வாசித்திருந்தால் தடுத்திருப்பேனா என்பது வேறு விடயம். குறைந்தபட்சம் கேட்டிருப்பேன்.

வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே வைத்தார். ஆனால் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். 71ஆவது பொருட்பாலில், ஆள்வோரின் மனத்தை அறிய வேண்டியவர்களுக்கு. 110ஆவது காமத்துப்பாலில், அன்புடையோர் ஒருவரையொருவர் அறிவதற்கு. முதலாவதை நாங்கள் நன்றாகவே பயின்றோம். போர்க்காலம் அதை எங்களுக்குத் திணித்தது. இரண்டாவதற்கும் அதே கவனம் வேண்டும் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

2000ஆம் ஆண்டுச் சண்டைகளில் சாவகச்சேரி நகரம் தரைமட்டமாயிற்று. தபாலதிபரின் திண்ணையும் அத்தோடு போயிற்று. நகரம் மீண்டும் எழுந்தது. 2014இல் புகையிரதமும் யாழ்ப்பாணம்வரை திரும்பி வந்தது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர் சங்கங்கள் 304 சுற்றுப்போட்டிகள் நடத்துகின்றன, கைத்தொலைபேசியிலும் ஆடுகிறார்கள்.

பையனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தாளை எண்ணு. இடையிடையே வெருட்டு, ஆனால் கோபத்தில் வெருட்டாதே. படிப்புக் காசை மேசையில் வைக்காதே. மூன்று மாதமாகத் தோற்கிறாய் என்றால் அந்த மேசையில் வாசிக்கப்படுபவன் நீதான்.

"அப்பா நல்லா விளையாடுவாரோ மாமா?" என்று கேட்டான்.

"என்னையும் என்ர சோடியையும் எத்தினையோ தரம் வெண்டவர். போய் அவரிட்டைக் கேள்" என்றேன்.

இரண்டு நாட்களின் பின் தகப்பனார் அழைத்தார். மகன் தாள்கட்டு ஒன்றோடு தன்னிடம் வந்து அமர்ந்ததாகவும், பல ஆண்டுகளுக்குப் பிறகு இருவரும் இரவு ஒருமணிவரை பேசிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். வருகிற கோடையில் ஊருக்கு வருகிறார்களாம். பழைய நால்வரில் மூவர் இருக்கிறோம். நாலாவது இடத்தில் பையன் அமரட்டும். எனக்குத்தான் அவன் சோடி.